உடைவது பானையின் குற்றமா?

வேன் எடுத்துக்கொண்டு கோயில், குளம் என்று புறப்படும் யாத்திரைக் குழுக்கள் எங்கள் ஊர்ப்பக்கம் நிறைய உண்டு. அவர்கள் அச்சிட்டுத் தரும் துண்டறிக்கைகளில் சில ஆண்டுகளாக ஒரு விதி ஏறக்குறைய தவறாமல் இடம்பெறுகிறது. மண், பீங்கான், கண்ணாடி ஆகியவற்றாலான பாத்திரம் எதையும் பயணிகள் கொண்டுவரலாகாது. சாப்பாடும் தேநீரும் தூக்கியெறியும் தட்டிலும் குவளையிலும் தரப்படும். காரணம் ஒன்றுதான்: உடைந்துவிடும். இந்த ஒற்றைச் சொல்லை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. ஈர்ப்பு விசையைப் போல, மழையைப் போல, அதுவும் ஓர் இயற்கை நியதி என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டு வண்டி ஏறுகிறார்கள்.

அது இயற்கை நியதி அன்று என்பது என் கட்சி. பானை தானாக உடைவதில்லை. கட்டத் தெரியாதவர் கட்டியதால் உடைகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தையே இடித்துவிட்டார்கள்.

விஷயம் அற்பமானது என்று இலக்கிய வாசகர்கள் எண்ணக்கூடும். ஜாடி உடைவதும் உடையாமலிருப்பதும் ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். கேட்பவர்களுக்கு நம் நூல் ஒன்றையே விடையாகத் தருகிறேன்.

பத்துப்பாட்டில் நான்காவது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது, ஐந்நூறு அடி. அதன் தொடக்கப் பகுதியில் உப்பு விற்கப் போகும் உமணர்களின் வண்டி வருகிறது. அது வெறும் சரக்கு வண்டி அன்று. குடும்பம் முழுவதும் அதிலே வாழ்கிறது. வண்டியில் கோழிக்கு ஒரு கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. இளம் பெண்யானையின் முழங்காலைப் புலவர் அதற்கு உவமை சொல்கிறார். முன்புறத்தில் காடிப் பானை கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. (காடியை ஊறுகாயாகக் கொள்வாரும் உண்டு, நம் வாதத்துக்கு இரண்டும் ஒன்றே.) கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள், ஆண்கள் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். அமெரிக்கர்கள் அடுப்பும் படுக்கையும் அலமாரியும் பொருத்திய வீட்டு வண்டியில் ஊர் ஊராகப் போவதைக் காணொளியில் பார்த்து நம்மவர்கள் வாய் பிளக்கிறார்கள். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. உமணர் வண்டிக்கு எந்தக் கொள்கையும் இருக்கவில்லை. அதில் சமையலறை இருந்தது.

அந்த வண்டியை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். உரலைப் பற்றிச் சொல்லும்போது அது ஊசலாடும்படி தொங்கவிடப்பட்டது என்கிறார் புலவர். பானையைச் சொல்லும்போதோ, கூத்தாடும் மகளிர் தம் இசைக்கருவிகளை வாரால் இறுகக் கட்டிக்கொள்வதுபோல் கயிற்றால் கட்டப்பட்டது என்கிறார். ஒரே வண்டி, இரண்டு பொருள், இரண்டு விதமான கட்டு. ஆடினாலும் கேடில்லாத உரலை ஆடவிட்டிருக்கிறார்கள். ஆடினால் கெடும் பானையை ஆட முடியாதபடி பிணித்திருக்கிறார்கள். அந்த உவமையை அழகுக்காகச் சொன்னது என்று மட்டும் கடந்துபோக எனக்கு மனமில்லை. முழவைக் கட்டும் வார் தளர்ந்தால் ஓசை கெடும், மிகை இறுக்கினால் தோல் கிழியும். பானைக்கட்டும் அப்படித்தான். வண்டியில் பொருள் கட்டிப் பார்த்த ஒருவர், அல்லது கட்டுவதை நின்று பார்த்த ஒருவர், எழுதிய அடிகள் அவை. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் இதே உமணர்களின் வண்டிக்கடியில் கட்டிவைத்த மாற்று அச்சைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்குகிறார். மேடு பள்ளமான வழியில் எது எப்போது முறியும் என்று கணித்து ஏற்பாட்டோடு கிளம்பியவர்கள் அவர்கள்.

உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சில் தந்தது 1889இல். அன்றுமுதல் இன்றுவரை நம் தமிழ்த்துறைகள் இந்த அடிகளை என்ன செய்தன? ‘உமணர் வாழ்வியல்’ என்று தலைப்பிட்டு இரண்டு மதிப்பெண் வினாவாக ஆக்கின. வண்டியில் என்னென்ன இருந்தன என்று மாணவர் பட்டியல் எழுதுகிறார். முழு மதிப்பெண் போடுகிறோம். ஏன் ஒன்று தொங்குகிறது, ஏன் மற்றொன்று பிணிக்கப்படுகிறது என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், பட்டம் பெற்று வெளியேறி யாத்திரைக் குழுவின் செயலாளராகிற மாணவர் அந்தத் துண்டறிக்கையை எழுதும்முன் ஒரு கணமாவது தயங்கியிருப்பார் என்றொரு நப்பாசை எனக்கு உண்டு.

நிற்க. ஏட்டை விட்டு மண்ணுக்கு வருவோம். பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் உள்ளது பொருந்தல். நம் திண்டுக்கல் மாவட்டந்தான். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அங்கே அகழாய்வு செய்தார். ஈமச்சின்னம் ஒன்றில் நான்கு கால்கள் கொண்ட ஜாடியும் அதனுள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல்லும் கிடைத்தன. அந்த நெல்லின் காலத்தைக் கரிமக் கணிப்பு கி.மு. 490 என்று காட்டியது. (இக்கணிப்பைக் கொண்டு எழுத்தின் காலத்தை முடிவுசெய்யலாமா என்ற விவாதம் தனி.) செய்தித்தாள்கள் எழுத்தைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் எழுதின. எழுத்து எதன்மேல் இருந்தது என்பதை வாசகர்கள் மறந்துவிட்டார்கள். ‘வய்ர’ என்ற தமிழ்-பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தது பானையைத் தாங்கும் வளையத்தின்மேல். சுடுமண்ணால் ஆன தாங்கி. நம் வீட்டுப் பாட்டிமார் வைக்கோலைத் திரித்து வட்டமாகச் சுற்றிச் செய்த புரிமணையின் மூத்த உறவு அது.

உருண்டை அடி கொண்ட பானையைத் தரையில் வைத்தால் அதன் எடை முழுவதும் ஒரே புள்ளியில் இறங்கும். வளையத்தின்மேல் வைத்தால் அந்த எடை ஒரு வட்டம் முழுவதும் பகிர்ந்துகொள்ளப்படும். வளையம் வைக்கோலாக இருந்துவிட்டால் அதிர்ச்சியையும் அதுவே வாங்கிக்கொள்ளும். இன்று சுற்றுலா வண்டிகளுக்கென்று வழுக்காத ரப்பர் விரிப்பு விற்கிறார்கள். நல்ல பொருள்தான், வாங்கலாம். புரிமணை செய்த வேலையைத்தான் அதுவும் செய்கிறது.

இனி வண்டியில் உடைவது எப்படி என்று பார்க்கலாம். துண்டறிக்கை எழுதுவோர் ஒரு முறைகூட யோசிக்காதது இதுதான். குலுங்குவதால் மட்டும் பானை உடைந்துவிடாது, மோதுவதால் உடைகிறது. மோதுவதற்கு வெற்றிடம் வேண்டும். ஆகவே கட்டுவோரின் முதல் பகை வெற்றிடமே. ஒரு கூடையில் நான்கு ஜாடிகளை இடைவெளியோடு வைத்து மேலே ஒரு துண்டைப் போர்த்தினால் நான்கும் போய்ச்சேரா. அதே நான்கையும் பழைய பருத்திப் புடவையில் தனித்தனியே சுற்றி, இண்டு இடுக்குகளில் பருப்புப் பையையும் மிளகாய்ப் பையையும் துவாலையையும் திணித்து, கூடையை உலுக்கிப் பார்த்தால் சத்தம் வராதபடி செய்தால் குமுளி மலைப்பாதையும் அவற்றை ஒன்றும் செய்யாது. எப்படியும் எடுத்துச்செல்லும் மளிகையே பொதிகட்டும் பஞ்சாகிவிடுகிறது. தனிச் சுமை ஏதுமில்லை. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி, மாவடு ஜாடிக்கு வேடு கட்டி, அரிசிச் சாக்கின் நடுவில் அதைக் கழுத்துவரை புதைத்துத்தான் எந்த ஊருக்கும் எடுத்துப்போவார். அரிசி குறையக் குறைய ஜாடியில் மாவடுவும் குறையும் என்பது அவர் கணக்கு. அவரிடம்தான் சென்ற பயணத்தில், உடையும் பொருளுக்கு அனுமதி இல்லை என்று வண்டி வாசலில் நின்று சொன்னார்கள்.

தட்டு வகை தனி. பீங்கான் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைப்பவர்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் மேல்தட்டுகளின் எடையைப் பல மடங்காக்கி அடித்தட்டின்மேல் போடுகிறார்கள். புத்தகம்போல் நிறுத்தி, இடையிடையே துணி கொடுத்து, இறுக்கி அடுக்கவேண்டும். எடை மிகுந்தது கீழே, இலேசானது மேலே என்பதை அனைவரும் அறிவர். பலர் மறப்பது வண்டியில் எந்த இடம் என்பதை. பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறியவருக்கு விளக்கம் தேவையில்லை. பின்சக்கரத்துக்கும் அப்பால் நீண்டிருக்கும் பகுதிதான் மிகுதியாகத் தூக்கிப்போடும். நம் வேன்களில் சமையல் சாமான் எங்கே ஏற்றப்படுகிறது? சரியாக அந்த இடத்தில், பின்கதவைத் திறந்தவுடன். அண்டாவும் கரண்டிகளும் கிடக்கும் அதே குவியலில் ஜாடியையும் எறிந்துவிட்டு, இறங்கும்போது சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு, மண்ணும் பீங்கானும் பயணத்துக்கு ஆகாது என்று தீர்ப்பெழுதுகிறார்கள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, இருக்கைக்கடியில், தாழ்வாக வைத்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும். எவர்சில்வரையும் மண்ணையும் ஒரே சாக்கில் போடலாகாது என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது. இன்னொன்று, மண்சட்டியின் விரிசலுக்கு எப்போதும் சாலையே காரணமன்று. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு ஈரத்தரையில் வைத்தால் வீட்டிலும் அது விரியும். கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்காத புதுச்சட்டியை நேரே வழிச்சமையலுக்கு எடுத்துப்போவதும் அப்படித்தான். பழி என்னவோ சாலைக்கும் சட்டிக்கும்.

இவை எட்டாத வித்தை அல்ல. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் ஒரு கப்பல் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டின் அரபு வகைக் கப்பல்; அதிலிருந்த கிண்ணம் ஒன்று கி.பி. 826ஐச் சுட்டுகிறது. ஏறத்தாழ அறுபதாயிரம் சீனப் பீங்கான், மண்பாண்டப் பொருள்கள். சாங்ஷா கிண்ணங்களைப் பெரிய ஜாடிகளுக்குள் சுருள் சுருளாக நெருக்கி அடுக்கி ஏற்றியிருந்தார்கள். கப்பலே மூழ்கியது, ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கடலடியில் கிடந்தது, கிண்ணங்கள் பெருந்தொகையாக முழுசாகக் கிடைத்தன. இன்று சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். சீனத்துக் கிண்ணம் கப்பல் மூழ்கியும் பிழைக்கிறது. நம் ஜாடி திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை, சுமார் அறுபது கிலோமீட்டர், தார்ச்சாலையில், ரப்பர் சக்கரத்தின்மேல் பிழைக்காதாம்!

வெளியூர் உதாரணம் எதற்கு? பழனிக்குப் போகும் அதே சாலையில்தான் ஒட்டன்சத்திரம் இருக்கிறது. அந்தச் சந்தையிலிருந்து அன்றாடம் லாரி லாரியாகக் காய்கறி கேரளத்துக்குப் போகிறது. தக்காளி போகிறது. தக்காளியைவிட உடையக்கூடிய பொருள் எது? அதை ஏற்றுகிற தொழிலாளி எந்தப் பெட்டி எதன்மேல் என்று பார்த்து அடுக்கிக் கயிறு போடுகிறார்; மலை இறங்கி அங்கே சேர்கிறது. ஊருக்குள் அறிவு இல்லாமல் இல்லை. அந்த அறிவைப் பாத்திரத்துக்கு அளிக்க மனமில்லை. பணம் தக்காளியில் இருக்கிறது, பானையில் இல்லை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. எவர்சில்வர் என்ன பாவம் செய்தது என்பது முதலாவது. ஒரு பாவமும் செய்யவில்லை. எவர்சில்வர் தட்டையும் டம்ளரையும் கொண்டுவரச் சொல்லி, கழுவ ஒரு வாளித் தண்ணீர் வைக்கும் குழுவோடு எனக்குச் சண்டையே கிடையாது. ஆனால் நடப்பது அதுவன்று. உடையும் பாத்திரத்துக்குப் பதிலாக உடையாத பாத்திரம் வந்திருந்தால் விவாதம் வேறு. வந்திருப்பது பாத்திரமே அல்லாத ஒன்று; ஒருவேளை இருந்து மறுவேளை குப்பையாகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டவை. பிளாஸ்டிக் பூசிய தட்டும் தேநீர்க் குவளையும் அந்தப் பட்டியலில் அடக்கம். ஆக, உடையாமலிருக்க வேண்டும் என்பதற்காகச் சட்டவிரோதமான பொருளை அச்சிட்ட அறிக்கையில் பகிரங்கமாக வாக்களிக்கிறார்கள். ஜாடிக்கு வாசலில் தடை. அரசு தடைசெய்த குவளைக்கு வண்டியில் இடம். உடைந்த பானை ஓடாகி மண்ணோடு கிடக்கும். ஓட்டைப் பொறுக்கித்தான் தொல்லியலாளர் வரலாறு எழுதுகிறார். பிளாஸ்டிக் பூசிய குவளை உடையவில்லை என்பது உண்மை. அதனால்தான் அது இன்னும் வழிநெடுகக் கிடக்கிறது.

கண்ணாடியையும் ஒரே மூச்சில் விலக்குவது அறியாமை. கார்னிங் நிறுவனம் 1970இல் கொரெல் என்ற பெயரில் அடுக்குக் கண்ணாடித் தட்டுகளை வெளியிட்டது. மேலைநாட்டு வீட்டு வண்டிக்காரர்கள் பலர் இன்றும் அதையே நம்புகிறார்கள். மெல்லியது, எடை குறைவு, எளிதில் உடையாது. எல்லாக் கண்ணாடியும் ஒரு கண்ணாடி அன்று.

இரண்டாவது எதிர்வாதம் நம் இலக்கிய நண்பர்களிடமிருந்து வருகிறது. எதிர்வாதமாக அல்ல, ஆதரவாக. அதுதான் ஆபத்து. ‘மண்பானைச் சமையல்’ என்று பலகை மாட்டிய உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு, நம் முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள் என்று நான்கு பத்தி உருகி எழுதுகிறார்கள். சாப்பிட்டு முடித்துக் காப்பி குடித்தது எதில் என்று எழுதுவதில்லை. மண்ணைப் புனிதமாக்குகிறவர்கள் மண்ணுக்கு நல்லது செய்வதில்லை. மண்கலம் நம் சமூகத்தில் எப்படியெல்லாம் பயன்பட்டது என்பதை அவர்கள் மறைத்துவிடுகிறார்கள். உலோகத்தைத் தேய்த்தால் தூய்மை, மண்ணைத் தீட்டுத் தொட்டால் உடைத்தெறிய வேண்டும் என்பது சாத்திரக் கணக்கு. பானை உடைவதில் ஒரு பங்கு சாலையால் அன்று, சாதியால் நேர்ந்தது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை இந்த வட்டாரத்தார் யாரும் கதை என்று சொல்லிவிட முடியாது. எறியும் குவளை வந்தபோது, இனி எவர் குடித்ததையும் எவரும் கழுவவேண்டாம் என்று பலர் நிம்மதியடைந்ததில் இரண்டு வகை நிம்மதி இருந்தது. அவமானம் ஒழிந்தது என்று சிலருக்கு. மற்றவரோடு குவளையைப் பகிரும் கட்டாயம் ஒழிந்தது என்று சிலருக்கு. யாத்திரை வண்டியில் எல்லோரும் ஒரே வாளியில் கழுவி, ஒரே அடுக்கிலிருந்து டம்ளர் எடுக்கவேண்டியிருந்தால் யார் யார் முகம் சுளிப்பார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. ‘உடைந்துவிடும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தச் சுளிப்பும் ஒளிந்திருக்கிறது என்பது என் ஐயம்.

ஆகவே 2004இல் லாலு பிரசாத் ரயில்வே அமைச்சரானபோது ரயில் நிலையங்களுக்குக் கொண்டுவந்த சுடுமண் குவளைகளும் எனக்கு முழு உடன்பாடு அல்ல. குயவர்க்குக் கூலி கிடைத்தது, நல்லது. ஆனால் ஒரு தேநீருக்காக மண்ணைத் தோண்டி, விறகெரித்துச் சுட்டு, ஐந்து நிமிடத்தில் தண்டவாளத்தில் எறிவதும் எறிவதுதான். நான் கேட்பது எறியாமல் வைத்திருக்கும் பாத்திரம். வைத்திருக்க வேண்டுமானால் காக்கத் தெரியவேண்டும். காப்பது கட்டுவதில் இருக்கிறது.

மூன்றாவதாக, கட்டுகிற வேலை யார் தலையில் விழும் என்று பெண்கள் கேட்கிறார்கள். நியாயமான ஒரே கேள்வி இதுதான். புரிமணை திரித்ததும் வேடு கட்டியதும் சும்மாட்டின்மேல் சுமந்ததும் பெண்களே. அந்த உழைப்பை மீண்டும் அவர்கள்மேல் ஏற்றிவிட்டு மரபு என்று பெயர் சூட்டுவது அயோக்கியத்தனம். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். சந்தையில் பெட்டி அடுக்கிக் கயிறு போடுகிறவர்கள் ஆண்கள். வேன் கூரையில் மூட்டை ஏற்றித் தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிறவர்கள் ஆண்கள். பொதி கட்டுவது கூலியுள்ள தொழிலாக இருக்கும் இடத்தில் எல்லாம் ஆண்களுக்கு அது கைவந்திருக்கிறது. ஜாடி என்று வரும்போது மட்டும் கை வரவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் எருதை ஓட்டுபவள் பெண். பானையைக் கட்டியது யார் என்று புலவர் சொல்லவில்லை. நம் வண்டியில் ஓட்டுநரும் துணையாளும் செயலாளரும் கட்டட்டும்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் சுற்றுவட்டார வேளார்கள் பானைகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் நகருக்குள் வருகிறார்கள். அடியில் கனமாக வைக்கோல். பெரியவை கீழே, சிறியவை அவற்றின் கழுத்திடுக்கில். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே மீண்டும் வைக்கோல். மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு. கடைப்பக்கம் இறக்கும்போது ஒவ்வொன்றையும் விரலால் தட்டி ஓசை கேட்டு எடுத்துவைப்பார்கள். விரிந்தது எது என்று காது சொல்லிவிடும். அடுத்த சில நாள்களில்தான் பழனிக்குப் போகும் குழுக்களின் வண்டிகளும் சாமான் ஏற்றத் தொடங்கும். ஒரு செயலாளராவது அந்தக் குட்டியானையின் பின்னால் அரைமணி நேரம் நின்று பார்க்கட்டும். இருநூறு ரூபாய் கொடுத்தால் வேளாரே வந்து வேனில் ஏற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். வைக்கோலுக்குத் தனிக் காசு கேட்கமாட்டார்.